'கெட்' என்னும் குட்டி வினைச்சொல்: ரங்கூன் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சாயங்கால நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். என்னை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள், பர்மியத்தில் டீச்சர் என்று அர்த்தம். வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மியம், நாளை சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போனால் இங்கிலீஷ். மூன்று மொழியையும் ஒரே தலைக்குள் வைத்துச் சமாளிக்கிற இவர்கள் பெரிய வார்த்தைகளுக்கு அசருவதில்லை. தடுமாறுவது மூன்றே எழுத்துள்ள 'கெட்' என்ற வார்த்தையில்தான். நோட்டுப் புத்தகத்தில் வருடக்கணக்காகக் குறித்துவைத்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

சயாமா, 'கெட்' என்றால் தமிழில் என்ன அர்த்தம்? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் சொல்ல வராது. ஒரே எண்ணமாகச் சொல்லலாம்: வந்து சேர்வது. கையில் இல்லாத பொருள் கைக்கு வந்து சேர்ந்தால் 'கெட்'. இல்லாத நிலை உடம்புக்கோ மனசுக்கோ வந்து சேர்ந்தால் 'கெட்'. நாமே ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் 'கெட்'.

"ஐ காட் எ லெட்டர்" என்றால் கடிதம் வந்தது. "ஐ காட் டயர்ட்" என்றால் களைத்துப் போனேன். "ஐ காட் ஹோம்" என்றால் வீடு வந்து சேர்ந்தேன். "ஐ காட் இட்" என்றால் கிடைத்தது அல்லது புரிந்தது. தமிழில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை வருகிறது, இங்கிலீஷில் ஒன்றே போதுகிறது. அதனால்தான் அகராதியைத் திறந்தால் 'கெட்' பக்கம் பக்கமாக ஓடுகிறது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். 'கெட்'டை உற்றுப் பார்ப்பதைவிட அதற்கு அடுத்து நிற்கும் வார்த்தையைப் பாருங்கள். பொருளின் பெயர் நின்றால் கிடைத்தல், குணத்தைச் சொல்லும் வார்த்தை நின்றால் ஆகுதல், இடம் நின்றால் போய்ச் சேர்தல். அர்த்தத்தைத் தீர்மானிப்பது அந்தப் பக்கத்து வார்த்தைதான். இந்தப் பக்கத்தில் மீதி எழுதப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலையா? நம் மொழிகளில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நாள் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பர்மியத்தில் 'ய' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். "யலா?" என்று கடைக்காரர் கேட்டால் கிடைத்ததா, சரியா, ஆயிற்றா என்று எப்படியும் பொருள் கொள்ளலாம். "யடே" என்றால் கிடைக்கிறது, பரவாயில்லை. "யபீ" என்றால் கிடைத்தாயிற்று, போதும். "மயபூ" என்றால் கிடைக்காது, கூடாது, முடியாது. போவதற்கான 'த்வா'வோடு சேர்த்து "த்வா லோ யடே" என்றால் போகலாம். 'லோ'வை எடுத்துவிட்டு "த்வா யடே" என்றால் போக வேண்டியிருக்கிறது. நடுவில் ஓர் அசை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அர்த்தமே மாறிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதில் தவறு செய்வதில்லை.

'ய' எந்த வார்த்தையோடு ஒட்டி நிற்கிறது என்று காது தானாகக் கவனிக்கிறதே, அதே கவனம்தான் 'கெட்'டுக்கும் வேண்டும். பர்மியத்தில் 'ய'வுக்கு முன்னால் வருவதைப் பார்க்கிறோம், இங்கிலீஷில் 'கெட்'டுக்குப் பின்னால் வருவதைப் பார்க்கிறோம். திசை மட்டும்தான் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வரும் இங்கிலீஷ் பாடப் புத்தகங்களில் இந்த வழி இருக்காது, ஏனென்றால் அங்கே பர்மியம் தெரிந்த பிள்ளைகள் அரிது. நமக்கு இது கூடுதல் வசதி, பயன்படுத்திக்கொள்வோம்.

தமிழிலும் ஒன்று உண்டு. 'பெறு' என்ற வினையைப் பாருங்கள். பரிசு பெற்றான் என்றால் கிடைத்தது. பிள்ளை பெற்றாள் என்றால் ஈன்றாள். இங்கிலீஷிலும் 'கெட்'டின் உறவுக்கார வார்த்தையான 'பிகெட்' என்பதற்குப் பிள்ளை பெறுதல் என்றுதான் அர்த்தம். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள் கிடைப்பதையும் பிள்ளை பெறுவதையும் ஒரே வேரில் வைத்திருக்கின்றன. எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

'கெட்' எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள், அதாவது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அங்கே அது 'கெட்டா'. 'டேக்', 'எக்', 'ஸ்கை', 'விண்டோ' எல்லாமே அந்த மொழி தந்தவைதான். 'ஃபர்கெட்' மட்டும் இங்கிலீஷின் சொந்தப் பழைய வார்த்தை. ஆனால் வேர் ஒன்றுதான்: கையில் இருந்ததை நழுவவிடுவது, அதாவது மறப்பது.

"எனக்கு வேலை கிடைத்தது" என்பதை "டு மி ஜாப் காட்" என்று எழுதினேன். அடித்துவிட்டீர்கள். ஏன்?

நம் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இது. காரணம் தமிழின் அழகான ஒரு பழக்கம். கிடைப்பது, பிடிப்பது, பசிப்பது, புரிவது என்று நம் விருப்பத்தால் நடக்காத பலவற்றைத் தமிழ் 'எனக்கு' என்றுதான் சொல்லும். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் புரிந்தது, எனக்கு வேலை கிடைத்தது. நான் அங்கே எதையும் செய்யவில்லை, வந்ததை ஏற்றுக்கொண்டு நிற்கிறேன்.

இங்கிலீஷ் அப்படி நிற்க விடாது. ஆளைப் பிடித்து வாக்கியத்தின் முதலில் உட்காரவைத்துவிடும். எனக்குக் கிடைத்தது என்பது "ஐ காட்" என்று ஆகும். அம்மாவுக்குக் கடிதம் வந்தது என்பது "மதர் காட் எ லெட்டர்". தம்பிக்குக் காய்ச்சல் வந்தது என்பது "மை பிரதர் காட் எ ஃபீவர்". தமிழில் '-க்கு' போட்ட ஆளை இங்கிலீஷில் எழுவாயாக்கு. கரும்பலகையில் நான் எழுதிவைத்திருக்கும் ஒரே விதி இதுதான்.

வாங்குவது, கொண்டுவருவது இரண்டுக்கும் 'கெட்' சொல்லலாமா?

சொல்லலாம். "ஐ காட் சம் ஃபிஷ் ஃப்ரம் தி மார்க்கெட்" என்றால் மீன் வாங்கி வந்தேன். "கெட் மி எ கிளாஸ் ஆஃப் வாட்டர்" என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா. காசு கொடுத்தோமா இல்லையா என்பதை 'கெட்' சொல்லாது. சொல்ல வேண்டுமென்றால் 'பை' போடுங்கள்.

'பிகம்' இருக்கும்போது 'கெட்' எதற்கு?

பேச்சில் குணம் மாறுவதற்கு 'கெட்'தான் இயல்பு. "இட்ஸ் கெட்டிங் டார்க்" – இருட்டுகிறது. "இட்ஸ் கெட்டிங் லேட்" – நேரமாகிறது. "ஹி காட் ஆங்ரி" – அவனுக்குக் கோபம் வந்தது. "வி காட் வெட்" – நனைந்துவிட்டோம். மே மாதம் பிற்பகுதியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாத ஊரில் இருக்கிறோம், இந்தக் கடைசி வாக்கியம் நமக்கு நிறையத் தேவைப்படும்.

'பீ' வந்தால் ஏற்கனவே இருக்கும் நிலை, 'கெட்' வந்தால் அந்த நிலைக்கு மாறும் நேரம். "ஐ ஆம் டயர்ட்" என்றால் இப்போது களைப்பாக இருக்கிறேன். "ஐ கெட் டயர்ட்" என்றால் களைத்துப் போகிறேன். இரண்டையும் கலந்து "ஐ ஆம் கெட் டயர்ட்" என்று எழுதுகிறார்கள். அது எதுவுமே இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆளின் தொழில் மாறினால் மட்டும் 'கெட்' வராது. அவள் டாக்டர் ஆனாள் என்பதற்கு "ஷி பிகேம் எ டாக்டர்". "ஷி காட் எ டாக்டர்" என்று சொன்னால் டாக்டரைக் கூட்டிவந்தாள் என்றோ, டாக்டர் ஒருவர் கிடைத்தார் என்றோ ஆகிவிடும். இங்கேயும் அதே கதைதான்: 'கெட்'டுக்கு அடுத்துப் பெயர் வந்ததும் அர்த்தம் கிடைத்தல் பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்படியென்றால் குழம்பு கெட்டுப் போச்சு என்பதற்கும் 'கெட்'தானா?

இல்லை, இது நல்ல கேள்வி. தமிழில் கெட்டு, இங்கிலீஷில் கெட் என்று ஒலி ஒத்துப்போவதால் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். இங்கிலீஷில் "தி கறி வென்ட் பேட்" என்பார்கள். 'கோ' வருகிறது பாருங்கள். நாமும் கெட்டுப் 'போச்சு' என்றுதானே சொல்கிறோம்? பார்வை போச்சு, காது போச்சு என்பதற்கும் "கோ பிளைண்ட்", "கோ டெஃப்" என்று 'கோ'தான். நல்ல நிலையிலிருந்து நழுவி, திரும்பி வராத பக்கம் போவதற்கு இரண்டு மொழியும் போவதையே சொல்லிவைத்திருக்கின்றன. ஆனால் இதை எல்லா இடத்திலும் பொருத்தாதீர்கள். நோய் முற்றுகிறது என்றால் "இட்ஸ் கெட்டிங் வொர்ஸ்", குணமாகிறது என்றால் "கெட்டிங் பெட்டர்". முன்பைவிட இப்போது எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்லும்போது 'கெட்'தான்.

"கெட் மேரீட்", "கெட் ஹர்ட்" என்பதெல்லாம் என்ன கணக்கு?

'கெட்'டுக்கு அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் வந்தால், அந்தக் காரியம் நமக்கு நடந்தது என்று பொருள். தமிழில் இதற்கு 'படு', 'மாட்டு', 'கொள்' என்று பல வினைகள் உண்டு. அடிபட்டான் என்பது "ஹி காட் ஹர்ட்". மாட்டிக்கொண்டான் என்பது "ஹி காட் காட்". முதல் 'காட்' 'கெட்'டின் இறந்தகாலம், இரண்டாவது 'கேட்ச்' என்பதன் மூன்றாம் வடிவம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வாயில் முதலாவது குறில், இரண்டாவது நெடில். சம்பளம் வந்தது என்பது "ஐ காட் பெய்ட்". உடுத்திக்கொண்டேன் என்பது "ஐ காட் டிரஸ்ட்".

கல்யாணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அவனோடு கல்யாணம் என்று நாம் சொல்வதால் "காட் மேரீட் வித் ஹிம்" என்று எழுதுகிறார்கள். "டு ஹிம்" என்பதே சரி.

அப்புறம், 'பெறு'வுக்குத் திரும்ப வருகிறேன். விழா அழைப்பிதழ்களில் "வெளியிடப்பெற்றது", "அழைக்கப்பெற்றார்" என்று அச்சடிக்கிறோமே, அது 'கெட்'டின் இந்த வேலையேதான். ஆனால் மரியாதை தலைகீழ். தமிழில் '-ப்பெறு' உயர்ந்த நடை. இங்கிலீஷில் 'கெட்' போட்டால் பேச்சு நடை. அனவ்ரத்தா சாலைக் காளியம்மன் கோயிலைப் பற்றி எழுதினால் "தி டெம்பிள் வாஸ் பில்ட் இன் 1871" என்று எழுதுங்கள். "காட் பில்ட்" என்று எழுதினால் நூற்றைம்பது வருடக் கோயிலை ஏதோ தற்செயலாகக் கட்டி முடித்ததுபோல ஆகிவிடும். ஜன்னல் உடைந்தது, பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன், வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று திடீரென்று நடப்பவற்றுக்கே இந்தக் 'கெட்' பொருந்தும்.

நான் சலூனுக்குப் போய் முடி வெட்டினேன். "ஐ கட் மை ஹேர்" என்றேன். அதில் என்ன தவறு?

இலக்கணத்தில் தவறில்லை, ஆனால் கேட்பவர் கத்தரிக்கோலை உன் கையில் பார்க்கிறார். தமிழில் "முடி வெட்டினேன்" என்றால் யார் வெட்டினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், சலூன்காரர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வீடு கட்டினேன், சட்டை தைத்தேன், பல் பிடுங்கினேன் எல்லாம் அப்படித்தான். இங்கிலீஷ் கணக்குக் கேட்கும். வேறொருவர் செய்திருந்தால் "ஐ காட் மை ஹேர் கட்" என்று பொருளை நடுவில் வைத்து, செயலைக் கடைசியில் போட வேண்டும். "ஐ காட் மை ஷர்ட் ஸ்டிச்ட்". "ஐ காட் மை டூத் புல்ட் அவுட்".

இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் எப்போதும் பல்லையே உதாரணமாக எடுப்பேன். சொந்தக் கையால் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும் காட்சியை ஒரு தடவை நினைத்துப் பார்த்த பிள்ளை, வார்த்தைகளின் வரிசையை மறப்பதே இல்லை.

இன்னொருவரைக் கொண்டு செய்யவைப்பதற்கும் இதுவேதானா?

ஆளின் பெயரைச் சொல்வதாக இருந்தால் நடுவில் 'டு' வரும். "ஐ காட் மை பிரதர் டு ஃபிக்ஸ் தி ஃபேன்" – தம்பியைச் சொல்லிக்கேட்டு மின்விசிறியைச் சரிபார்க்க வைத்தேன். 'மேக்' போட்டால் 'டு' வராது, அர்த்தமும் கடுமையாகும்: "ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் இட்" என்றால் கட்டாயப்படுத்தி. 'கெட்'டில் கொஞ்சம் கெஞ்சலும் நயமும் இருக்கும். பிள்ளையைச் சாப்பிட வைக்கும் தாய் எந்த வினையைப் போடுவாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஐ காட் டு கோ" என்று ஒருவர் சொன்னால் போகணும் என்கிறாரா, போகக் கிடைத்தது என்கிறாரா?

இரண்டும் இருக்கலாம். விடைபெறும் நேரத்தில் "ஐ காட் டு கோ" என்றால் போகணும். முழு வடிவம் "ஐ ஹேவ் காட் டு கோ", பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து, 'காட் டு' என்பதும் 'காட்ட' என்று குழைந்துவிடும். பழைய கதை சொல்லும்போது "லாஸ்ட் இயர் ஐ காட் டு கோ டு பகான்" என்றால் பகானுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது.

பர்மியத்து "த்வா யடே" இங்கே அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதற்கும் போக வேண்டியிருக்கிறது, போகக் கிடைத்தது என்று இரண்டு பொருளும் உண்டு. கடமையும் வாய்ப்பும் ஒரே வார்த்தைக்குள் எப்படி இருக்கும் என்று வேறு ஊர்ப் பிள்ளைகள் குழம்பலாம், ரங்கூன் பிள்ளைக்குக் குழப்பம் வரக் கூடாது. முகத்தையும் சூழ்நிலையையும் பார்த்து பர்மியத்தில் எப்படிப் புரிந்துகொள்கிறாயோ, இங்கிலீஷிலும் அப்படியே புரிந்துகொள்.

"ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்" என்றால் இரண்டு அக்கா கிடைத்தார்களா?

இல்லை, இருக்கிறார்கள். 'ஹேவ் காட்' என்றால் 'ஹேவ்' மட்டும்தான், வெறும் இருப்பு. அங்கே 'காட்' சத்தத்துக்குத் துணை, அர்த்தத்துக்கு இல்லை.

"கெட் டு ஹோம்" என்று ஏன் சொல்லக்கூடாது? வீட்டுக்கு என்றுதானே சொல்கிறோம்?

நம் '-க்கு'தான் மறுபடியும் வம்பு செய்கிறது. ஆபீசுக்கு என்றால் "கெட் டு தி ஆபீஸ்", ஸ்டேஷனுக்கு என்றால் "கெட் டு தி ஸ்டேஷன்". ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' இந்த மூன்றும் தங்களுக்குள்ளேயே '-க்கு'வை வைத்திருக்கின்றன. அதனால் "கெட் ஹோம்", "கெட் தேர்". இங்கே, அங்கே என்று நாம் '-க்கு' இல்லாமல் சொல்வதில்லையா? "அங்கே போனேன்" என்கிறோமே, அது மாதிரி.

ரயிலில் ஏறுவது 'கெட் ஆன்', டாக்ஸியில் ஏறுவது 'கெட் இன்'. ஏன் இப்படி?

ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 46 கிலோமீட்டர், ஒரு சுற்று வர மூன்று மணி நேரம்கூட ஆகிவிடும். அதில் ஏறினால் நிற்கலாம், நடக்கலாம், கீரைக் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்குப் போகலாம். அப்படி நின்று நடக்கக்கூடிய வண்டிக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. ரயில், பஸ், கப்பல், விமானம் எல்லாம் இதில் சேரும். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார மட்டும் முடிகிற காருக்கும் டாக்ஸிக்கும் 'கெட் இன்', 'கெட் அவுட்'. மேலே காலைப் போட்டு உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'கெட் ஆன்'தான். டாக்ஸிக்காரரிடம் "ஐ வில் கெட் ஆஃப் ஹியர்" என்றாலும் அவர் நிறுத்திவிடுவார், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் "கெட் ஆன் தி கார்" என்று சொல்லிவிடாதீர்கள், கூரைமேல் ஏறச் சொன்னதாகத்தான் காதில் விழும்.

'கெட் லாஸ்ட்' திட்டா, இல்லையா?

ஏவலாகச் சொன்னால் திட்டு, நடந்ததைச் சொன்னால் செய்தி. "கெட் லாஸ்ட்!" என்றால் தொலைந்து போ! "ஐ காட் லாஸ்ட்" என்றால் வழி தெரியாமல் தொலைந்துவிட்டேன். தமிழின் 'தொலை'யும் இதே இரண்டு வேலையைத்தான் செய்கிறது. வேலைக்குப் போன புதிதில் என் மாணவன் ஒருவன், வழி தவறித் தாமதமாகப் போய், மேலாளரிடம் இதைச் சொல்லத் தெரியாமல் "சார், கெட் லாஸ்ட், கெட் லாஸ்ட்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அன்று அவன் பட்ட அவமானத்தை ராத்திரி போனில் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஓர் 'ஐ'யும், 'கெட்'டுக்குப் பதில் 'காட்'டும் இருந்திருந்தால் போதும். அன்றிலிருந்து இறந்தகாலத்தை முதல் வாரத்திலேயே நடத்திவிடுகிறேன்.

"வி வில் கெட் பேக் டு யூ" என்றால் வேலை கிடைத்துவிட்டதா?

கிடைக்கவில்லை, இன்னும் முடிவாகவில்லை. யோசித்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்கிறோம் என்பதுதான் அதன் பொருள். 'கெட் பேக்' மட்டும் வந்தால் திரும்பி வருவது, 'கெட் பேக் டு' என்று ஆள் சேர்ந்தால் பதில் சொல்வது.

இதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து போனில் நேர்காணல். கடைசியில் இந்த வாக்கியத்தைக் கேட்டவள், உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று நினைத்துவிட்டாள். அம்மா மறுநாளே கோயிலில் அர்ச்சனை செய்து அக்கம்பக்கத்தில் பிரசாதம் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்தும் போன் வரவில்லை. அந்த அம்மா என் வீட்டுக்கு வந்து, "அவங்க வாக்குக் கொடுத்தாங்களே, சயாமா" என்று கேட்டபோது இந்த வாக்கியத்தை அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. வாக்குக் கொடுத்திருந்தால் "யூ ஹேவ் காட் தி ஜாப்" என்று சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'வேக் அப்', 'கெட் அப்' இரண்டும் ஒன்றுதானே?

'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. நடுவில் அரை மணி நேரம் இருக்கலாம்.

இதுபோல 'கெட்'டோடு சேர்ந்து வரும் ஜோடி வார்த்தைகளில் எவை முக்கியம்?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு உடனே தேவைப்படுபவற்றைச் சொல்கிறேன். 'கெட் அலாங் வித்' என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது. தங்குமிடத்தில் நாலு பேரோடு ஒரே அறையில் இருக்கப்போகிறவருக்கு இது முதலில் வேண்டும். 'கெட் த்ரூ' என்றால் கஷ்டமான ஒன்றைத் தாண்டி வருவது, போனில் லைன் கிடைப்பதும் அதுவே. "ஐ கான்ட் கெட் த்ரூ" என்றால் லைனே கிடைக்கவில்லை. 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. 'கெட் ரிட் ஆஃப்' ஒழித்துக்கட்டுவது.

எனக்கு மிகவும் பிடித்தது 'கெட் பை'. இருப்பதை வைத்துக் காலம் தள்ளுவது. 1960களில் கடைகளும் பள்ளிகளும் அரசுடைமையாகி, லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி இந்தியா போனபோது, இங்கேயே தங்கிவிட்ட நம் தாத்தா பாட்டிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு மாணவி எழுத வேண்டியிருந்தது. பத்து வரி எழுதி, கடைசியில் "தே காட் பை" என்று மூன்றே வார்த்தையில் முடித்தாள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

விண்ணப்பக் கடிதத்தில் 'கெட்' எழுதலாமா?

தவிர்ப்பது நல்லது. உங்கள் கடிதம் கிடைத்தது என்பதற்கு 'ரிசீவ்', சான்றிதழ் பெற்றேன் என்பதற்கு 'அப்டெய்ன்', வந்து சேர்ந்தேன் என்பதற்கு 'அரைவ்' என்று ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை போடுங்கள். கடிதத்தில் ஐந்து இடத்தில் 'காட்' வந்தால் எழுதியவருக்கு வார்த்தை போதவில்லை என்று தோன்றும். அதற்காக வாயால் பேசும்போது "ஐ அப்டெய்ண்ட் சம் வெஜிடபிள்ஸ்" என்று சொல்லாதீர்கள். சந்தையில் நின்று செந்தமிழில் பேசுவதுபோல இருக்கும்.

உச்சரிப்பில் என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கே தவறு?

தமிழ் நாக்கு கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து 'கெட்டு' என்கிறது. பர்மிய நாக்கு கடைசி மெய்யைத் தொண்டையிலேயே விழுங்கி 'கெ' என்று வெட்டிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் பழக்கம் என்பதால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகிறது. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து நிறுத்துங்கள், அதற்குப் பிறகு சத்தம் வேண்டாம். 'கேட்' என்று நீட்டவும் கூடாது, அது வாசற்கதவு. குறில் நெடில் தெரிந்த தமிழ்க் காதுக்கு இந்த வித்தியாசம் சுலபம். பர்மியம் மட்டும் தெரிந்த என் மற்ற மாணவர்களைவிட நம் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

'காட்', 'காட்டன்' இரண்டில் எது சரி?

மூன்றாம் வடிவமாக இரண்டும் சரி. 'காட்டன்' இங்கிலாந்திலேயே இருந்த பழைய வடிவம், அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களோடு போய் அங்கே நிலைத்தது. பிரிட்டனில் அது தேய்ந்து, 'ஃபர்காட்டன்' போன்ற வார்த்தைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கர்களிடம் ஒரு நுட்பம் உண்டு: "ஐ ஹேவ் காட் எ கார்" என்றால் கார் இருக்கிறது, "ஐ ஹேவ் காட்டன் எ கார்" என்றால் கார் ஒன்று கிடைத்திருக்கிறது, வாங்கியிருக்கிறேன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்கள் 'காட்' பழகினால் போதும்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

புத்தகம் வேண்டாம். ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளை 'கெட்' மட்டும் போட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆறு மணிக்கு எழுந்தேன், பஸ் ஏறினேன், ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன், மழையில் நனைந்தேன், அக்காவிடமிருந்து போன் வந்தது, இறங்கும் இடத்தில் நேரமாகிவிட்டது, வீடு வந்து சேர்ந்தேன். ஏழு வாக்கியம், ஏழிலும் 'காட்'. ஒவ்வொன்றிலும் அடுத்த வார்த்தை என்ன என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். நாளைக்கு வரும்போது அந்த ஏழையும் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன்.